தணிகை வட்டாரத் தொல்கதைகளில் களவும் கற்பும்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையே கனகம்மாசத்திரம் என்னும் ஊர் அமைந்துள்ளது. வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடமாக இஃது இருந்தமையை இதன் பெயரே காட்டும். ஆந்திர நாட்டின் எல்லையை அடுத்த இவ்வட்டாரம், 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இவ்வூருக்கு அண்மையில் திருத்தணிகை மலையும், திருவாலங்காடும், பழையனூரும் உள்ளன. இம்மூன்று இடங்களிலும் மணவாழ்வு பற்றிய மூன்று பெருங்கதைகள் வேரூன்றி நிற்கின்றன. தணிகையில் நிலைபெற்றது வள்ளியின் கதை. ஆலங்காட்டில் முடிவது புனிதவதியாரின் கதை. பழையனூரில் நிகழ்ந்ததாக வழங்குவது நீலியின் கதை.

இக்கதைகளை நடந்த வரலாறாகக் கொள்வாரும் உளர். வெறும் புனைவெனத் தள்ளுவாரும் உளர். இவ்விரண்டனுள் எதனையும் நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. தேவர், அசுரர், வேடர், பேய் என்போர் வாழும் உலகைப் படைத்த புலவர், அவ்வுலகின் ஒவ்வோர் இனத்தார்க்கும் ஒவ்வொரு மணமுறையை வகுத்துள்ளனர். அவ்வகுப்பின்கண் தமிழரின் பொருளிலக்கணம் எவ்வளவு தூரம் பயின்றுள்ளது? பெண்ணின் இசைவு என்னும் வினாவிற்கு அக்கதைகள் தரும் விடை யாது? இவையே ஈண்டு ஆராயப்படுவன.

1. இலக்கணம் வகுத்த உலகம்

தொல்காப்பியப் பொருளதிகாரம் காமப் பகுதியை ஏழு திணைகளாகப் பகுக்கிறது. ஒருதலைக் காமம் கைக்கிளை; பொருந்தாக் காமம் பெருந்திணை; இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது அன்பின் ஐந்திணை. ஐந்திணைக்குரிய தலைவனும் தலைவியும் பெயர் சுட்டப்பெறாதவர். மலையும் காடும் வயலும் கடலும் மெய்யாயினும், அவற்றில் உலவும் அவ்விருவரும் புலவரின் படைப்பே. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்த புலனெறி வழக்கம் என்று இதனைத் தொல்காப்பியர் தெளிவாகவே கூறியுள்ளார். எனவே, கற்பனையுலகின் ஒழுகலாற்றிற்கு இலக்கணம் காணும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று.

அவ்வுலகின் மணவொழுக்கம் களவு, கற்பு என இருகூறுபடும். ஒத்த அன்பினர் இருவர் பிறர் அறியாவாறு கூடுதல் களவு. அவ்வுறவு ஊரறிய நிலைபெறுதல் கற்பு. வடநூலார் கூறும் எண்வகை மணங்களுள் களவிற்கு நிகராகக் கந்தருவத்தையே தொல்காப்பியர் காட்டுகிறார். ஆயினும் இரண்டும் ஒன்றென மயங்குதல் கூடாது. கந்தருவம் கூட்டத்தோடு முடிதலும் உண்டு. தமிழ்க் களவோ கற்பாக மலர்தற்பொருட்டே நிகழ்வது. களவு வெளிப்பட்டபின் தலைவன் வரையாது ஒழிதல் ஐந்திணை நெறிக்கு ஏலாது.

கற்பியலில் கரணம் என்னும் சடங்கிற்குக் கூறப்படும் காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்பது அதன் கருத்து. கூடிய ஒருவன் பின்னர் அறியேன் என்பது பொய். ஏற்றுக்கொண்டவளை இடையே கைவிடுதல் வழு. இவை இரண்டிற்கும் காப்பாக ஊராரைச் சான்றாக வைத்தனர். பெற்றோர் கொடாவிடினும், உடன்போக்கில் சென்றவர்க்குக் கரணம் உண்டு என்று தொல்காப்பியர் விதந்து ஓதியிருப்பதால், சான்றின் தேவையே முதன்மையானது என்பதும், கொடுப்போரின் ஆணை அதற்கு அடுத்ததே என்பதும் பெறப்படும்.

சான்றோர் முன்னிலை என்பதன் பழைய வடிவை அகநானூற்றின் 86, 136 ஆகிய பாடல்களில் காணலாம். முன்னதில் மணற்பந்தரும், உழுத்தங்களியும், திங்கள் உரோகிணியைக் கூடும் நல்வேளையும், மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டுதலும் கூறப்பட்டுள்ளன. எரி வளர்த்தலும் பார்ப்பார் மறை ஓதலும் இரண்டு பாடல்களிலும் இல்லை. சிலப்பதிகாரத்துக் கோவலன் கண்ணகி மணத்திலோ முதுபார்ப்பான் வழிகாட்டலும் தீவலம் செய்தலும் இடம்பெறுகின்றன. இம்மாற்றத்தை நினைவிற் கொண்டு புராண உலகினுள் புகுதல் நலம்.

2. கந்தபுராணத்தின் மூவகை மணம்

காஞ்சிக் கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம் மூன்று இனத்தாரின் கூட்டங்களை அடுத்தடுத்துக் காட்டுகிறது.

முதலாவது அசுரர் தோற்றம். காசிப முனிவரின் தவத்தைக் கெடுக்கவே மாயை அழகிய வடிவெடுத்து வருகிறாள். இரவின் நான்கு சாமத்தும் இருவரும் வெவ்வேறு வடிவு கொண்டு கூடச் சூரபன்மனும், சிங்கமுகனும், தாரகனும், அசமுகியும் பிறக்கின்றனர். ஈண்டுக் காமம் ஒரு கருவி; குலத்தைப் பெருக்கும் சூழ்ச்சி. முனிவர் மயங்கியவர்; மாயை மயக்கியவள். இருவரிடையே ஒத்த அன்பு இல்லை. பொருளிலக்கண நோக்கில் இதனைப் பெருந்திணையின்பாற் படுத்தலாம். ஆயினும் அசுரரை மணநெறி அறியாதவர் என்று புலவர் காட்டினாரல்லர். சூரபன்மன் பதுமகோமளையை முறைப்படி மணந்தே வாழ்கிறான். பகைவர்க்கும் இல்லறம் உண்டு என்னும் இந்நடுநிலை பாராட்டத்தக்கது.

இரண்டாவது தேவர் மணம். சூரனை வென்ற முருகனுக்கு இந்திரன் தன் மகள் தெய்வயானையைத் திருப்பரங்குன்றத்தில் மணம் செய்து கொடுக்கிறான். தேவர் குழுமுகின்றனர், சிவபெருமானும் உமையம்மையும் எழுந்தருளுகின்றனர், வேள்வித்தீ சான்றாகிறது. கொடுப்போர் கொடுப்பக் கொள்வோர் கொள்ளும் கற்பு மணம் இது. ஐராவதம் என்னும் யானை மணமகளோடு சீராகத் தரப்பட்டது என்பது தணிகைத் தலமரபு. யானை போனபின் விண்ணுலகின் வளம் குன்றியது என்றும், அக்குறை நீங்க யானையின் பார்வையை இந்திரன் நாட்டை நோக்கித் திருப்பி வைத்தனர் என்றும் அம்மரபு கூறும். பெண் கொடுத்த வீடு வறுமையுற்ற நினைவு இக்கதையில் மறைந்து கிடக்கிறது போலும்.

மூன்றாவது வேடர் மணம். மானின் வயிற்றில் பிறந்து வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த மகவை நம்பி என்னும் வேடர் தலைவன் எடுத்து வளர்க்கிறான். அவள் தினைப்புனம் காக்கிறாள். முருகன் வேட்டுவனாய், வேங்கை மரமாய், முதியவனாய் வருகிறான். புனம் காத்தலும், வேங்கையும், தோழியின் மதியுடம்படுதலும், இற்செறிப்பும், இரவில் உடன்போக்கும் ஆகிய குறிஞ்சித் துறைகள் அனைத்தும் இப்படலத்தில் நிரலே அமைந்துள்ளன. புராணத்தின் இறுதியில் வைக்கப்பெற்ற இப்படலம் அகப்பொருள் இலக்கணத்திற்கு எழுதிய இலக்கியம் போலவே விளங்குகிறது.

3. களிறு தந்த கூட்டம்

இனி இசைவு என்னும் வினாவிற்கு வருவோம். முதியவனாய் வந்தவன் காதலை வெளியிட, வள்ளி சினந்து அகல்கிறாள். முருகன் தன் தமையனை நினைக்க, விநாயகர் களிறாய்த் தோன்றி அச்சுறுத்துகிறார். அஞ்சிய வள்ளி முதியவனைத் தழுவுகிறாள். அஞ்சியவளின் தழுவல் இசைவாகுமா?

அகப்பொருளில் களிறு தரு புணர்ச்சி என்பது பழந்துறை. புனத்தில் புகுந்த யானையிடமிருந்து தலைவியைத் தலைவன் காக்க, அவள் உள்ளம் அவன்பாற் செல்கிறது. பூத்தரு புணர்ச்சியும் புனல்தரு புணர்ச்சியும் அத்தகையனவே. அவற்றில் யானை தற்செயலாக வந்தது. புனலும் தானே பெருகியது. புராணத்திலோ யானை அழைக்கப்பட்டது. ஊழால் நிகழ்ந்தது சூழ்ச்சியால் நிகழ்வதாயிற்று. ஒரே துறைதான், எனினும் அறத்தின் எடை மாறிவிட்டது.

இக்குறையைப் புலவர் உணராதவரல்லர் என்பதற்குக் கதையின் அமைப்பே சான்று. வள்ளியும் தெய்வயானையும் முற்பிறப்பில் திருமாலின் மக்களாய்ப் பிறந்து, முருகனையே விழைந்து தவமிருந்த சுந்தரவல்லியும் அமுதவல்லியும் ஆவர் என்று புராணம் கூறும். இதனால் இரண்டு பயன் விளைகின்றன. தன்னை மறந்திருந்தவளின் பழைய விருப்பமே இன்று நிறைவேறுகிறது என்று காட்டுதலால் இசைவு நிலைநாட்டப்படுகிறது. வேட்டுவ மகளும் தேவர் தலைவனும் குலத்தால் ஒவ்வார் என்னும் தடையும் நீங்குகிறது. தலைவனும் தலைவியும் பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு முதலிய பத்தானும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது தொல்காப்பியர் கூறும் ஒப்பன்றோ?

ஆயினும் இவ்விடை முற்றும் நிறைவளிப்பதன்று. சங்கத் தலைவியின் இசைவு அவள் கண்ணிலும் சொல்லிலும் தோழியின் வாயிலும் வெளிப்பட்டது. அஃது இப்பிறப்பில், அவளே அறிந்து தந்தது. புராணத் தலைவியின் இசைவோ அவள் நினைவில் இல்லாத முற்பிறப்பில் வைக்கப்பட்டது. இதனை வளர்ச்சி என்று கூறுதற்கு எம் உள்ளம் ஒருப்படவில்லை.

கதையின் முடிவில் இக்குறை ஒருவாறு நேர்செய்யப்படுகிறது. உடன்போக்கை அறிந்து துரத்திவந்த நம்பியும் வேடரும் போரில் மடிகின்றனர். தந்தையையும் சுற்றத்தையும் இழந்து வள்ளி வருந்த, நாரதர் இடைப்பட, முருகனின் ஆணையால் வள்ளியே அவர்களை எழுப்புகிறாள். பின்னர் வேடர் சிற்றூரில், நம்பி கொடுப்ப, மணம் நிகழ்கிறது. களவு கற்பாயிற்று. வென்றவன் தோற்றவர் வீட்டு வாயிலில் நின்று பெண் கேட்டுப் பெறுவதே இப்படலத்தின் உயர்ந்த இடம் என்பது எம் துணிபு. அதன்பின் இருவரும் தங்கிய மலை செருத்தணி. சினமும் செருவும் தணிந்த இடம் என்று அப்பெயர்க்குப் பொருள் கூறுவர்.

திருத்தணிகையிற் பிறந்த கச்சியப்ப முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் தணிகைப் புராணம் பாடியபோது, களவுப் படலம் என்றே ஒரு பகுதியை அமைத்து அகத்துறைகளை விரித்தார். தலபுராணம் ஒன்று களவிற்கு இத்துணை இடம் தந்தமை, அவ்வொழுக்கத்தைத் தமிழர் இழிவாகக் கருதவில்லை என்பதற்குத் தக்க சான்று.

4. இரு மணத்துள் சிறந்தது எது?

பரிபாடலின் ஒன்பதாம் பாடல் இவ்வினாவைப் பரங்குன்றத்தில் வைத்தே எழுப்புகிறது. குன்றம்பூதனார் பாடிய அப்பாடலில் வள்ளியின் சார்பினரும் தேவசேனையின் சார்பினரும் பூசலிடுகின்றனர். ஒத்த விருப்பத்தால் கூடும் காதலே சிறந்தது என்பது புலவரின் தீர்ப்பு. கற்பு வாழ்வில் பரத்தையிற் பிரிவும் அதனால் ஊடலும் நேரும். களவிலோ அவை இல்லை. தமிழின் பொருளிலக்கணத்தை ஆராயாதார் இதன் பயனை உணரார் என்றும் அவர் கூறுகிறார். மணமுறையின் வேற்றுமையை மொழியறிவோடு இணைத்துப் பேசும் இவ்விடம், களவைத் தமிழ் தனக்கே உரியதெனக் கருதிய காலத்தைக் காட்டுகிறது. எனினும் அக்கோயில் மரபோ இருவரையும் விலக்கவில்லை. தணிகையில் வள்ளிக்கும் திருமண விழா உண்டு, தெய்வயானைக்கும் உண்டு.

5. ஆலங்காடும் பழையனூரும்

கற்பு மணத்தின் எல்லையை மற்ற இரு கதைகளும் காட்டுகின்றன. காரைக்காலில் பரமதத்தனுக்கு மனைவியாய் வாழ்ந்த புனிதவதியாரின் மாங்கனி நிகழ்ச்சியைச் சேக்கிழார் விரித்துரைக்கிறார். மனைவியைத் தெய்வம் எனக் கண்டு அஞ்சிய கணவன் கடல்கடந்து செல்கிறான். பின்னர்ப் பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே இடுகிறான். சுற்றத்தார் புனிதவதியாரை அவனிடம் கொண்டு சேர்க்க, அவன் அவர் காலில் வீழ்கிறான். அவர் கணவனைப் பழித்தாரல்லர். அவன்பொருட்டுத் தாங்கிய உடலின் அழகையே உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெறுகிறார். திருவாலங்காட்டில் இறைவனின் ஆடலைக் கண்டு பாடி நிலைபெறுகிறார். கணவனே உறவை நீக்கியபின் மனைவிக்கு வேறொரு வாழ்வு உண்டு என்று காட்டிய கதை இது. ஆனால் அவ்வாழ்வின் விலை இளமையும் உருவும் ஆயின என்பதை மறத்தலாகாது.

நீலி கதை பலவாறாக வழங்கும். கணவனால் கொலையுண்டவள் பேயாகி, கைக்குழந்தையோடு மனைவியாய் வந்து, பழையனூர் அவையத்தில் அவனைத் தன் கணவன் என வழக்காடுகிறாள். வந்தவள் பேய் என அவன் அஞ்சி மறுக்கிறான். அவையத்து வேளாளர் எழுபதின்மர், அவனுக்குத் தீங்கு நேரின் தம் உயிரைத் தருவதாக உறுதி கூறி, இருவரையும் ஒரு மனையில் இருத்துகின்றனர். விடியலில் அவன் மாண்டு கிடக்க, எழுபதின்மரும் தீயில் புகுகின்றனர். திருஞானசம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்தின் முதற்பாட்டிலேயே இக்கதையைக் குறித்துள்ளமையால் இதன் பழமை விளங்கும்.

இக்கதையை வாய்மை தவறாமைக்கே சான்றாகக் கூறுவது வழக்கம். கரணத்தின் நோக்கத்தோடு வைத்து நோக்கின் வேறொன்றும் புலனாகிறது. பொய்யையும் வழுவையும் தடுக்கவே ஊர்ச்சான்று தோன்றியது. ஈண்டு அச்சான்றே பொய்க்குத் துணையாயிற்று. மனைவி எனத் தோன்றியவளின் சொல்லை நம்பினர்; அஞ்சியவனின் சொல்லை ஆராய்ந்திலர். அவளுக்கு முன்னர் இழைக்கப்பட்ட கொடுமைக்கு அவள் உயிரோடிருந்தபோது எந்த அவையமும் கூடவில்லை. கொல்லப்பட்ட மனைவிக்கு முறை கிடைக்காத இடத்தில்தான் நீலி தோன்றுகிறாள்.

முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: களவு ஒத்த அன்பையும் கற்பு ஊர்ச்சான்றையும் அடிப்படையாகக் கொண்டவை. ஒன்று மற்றொன்றிற்குப் பகையன்று. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவது. வள்ளி கதையில் அன்பு முந்தியது, சான்று பிந்தியது. புனிதவதியார் கதையில் சான்று இருந்தும் அன்பு அச்சமாய் மாறியது. நீலி கதையில் அன்பு அழிந்தபின் சான்று மட்டும் நின்று உயிர்களைப் பலிகொண்டது. இசைவும் சான்றும் ஒருங்கு நிற்கும் மணமே நன்மணம் என்பதைக் கனகம்மாசத்திரத்தைச் சூழ்ந்த இச்சிறு நிலப்பகுதியின் கதைகள் மூவகையாக எடுத்துரைக்கின்றன. தொல்காப்பியர் களவியலையும் கற்பியலையும் அடுத்தடுத்து வைத்த முறையின் பொருத்தம் இதனால் மேலும் விளங்கும்.