ஓடும் கணினி இடம் மாறுவது எப்படி?

சங்கரன்கோவில் பூச்சந்தையில் மல்லிகை வாங்கிய வியாபாரி கைபேசியில் பணம் செலுத்தும் அதே க்ஷணத்தில், அவர் கணக்கைத் தாங்கும் மெய்நிகர் கணினி (இயந்திரத்துக்குள் மென்பொருளால் அமைந்த கணினி), எங்கோ தொலைவில், ஓட்டம் ஏறக்குறைய நிற்காமலே ஓர் இயந்திரத்திலிருந்து மற்றோர் இயந்திரத்துக்குக் குடிபெயர்ந்துகொண்டிருக்கக் கூடும். அதன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாக முன்கூட்டியே பிரதி எடுத்து, இடையில் மாறிய பக்கங்களை மட்டும் மறுபடி அனுப்பி, கடைசியில் கணப்பொழுது நிறுத்தும் உபாயத்தை கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-லேயே விளக்கிவிட்டார்கள்.

உண்மையான சோதனை சேமிப்புச் சாதனத்தில்தான் இருக்கிறது. மெய்நிகர் கணினி என்.வி.எம்.இ. (NVMe) என்னும் சேமிப்பு நெறிமுறைப்படி இயங்கும் சாதனத்தோடு நேரடியாக உறவாடும்போது, எந்த வரிசையில் எத்தனை கட்டளைகள் காத்திருக்கின்றன, எது முடிந்தும் இன்னும் தெரிவிக்கப்படாமல் நிற்கிறது என்ற அந்தரங்க நிலை அச்சாதனத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. அன்றியும், செயலியின் துணையின்றித் தானே அது நினைவகத்தில் எழுதுவதால், எந்தப் பக்கம் மாறியது என்பதும் மேற்பார்வை மென்பொருளுக்கு எளிதில் புலப்படுவதில்லை. சங்கரன்கோவில் விசைத்தறியில் ஷிப்டு மாறுகிறவர், பாவில் எந்த இழை அறுந்திருக்கிறது என்று சொல்லாமல் போனால் துணி பழுதாவது போல, இங்கே தரவு பழுதாகும்.

ஆகவே, சாதனமே தான் எழுதிய பக்கங்களைக் குறித்துவைத்து, ஆணை வந்ததும் நின்று, தன் நிலையை ஒப்படைக்க, புதிய இடத்துச் சாதனம் அதை ஏற்றுத் தொடர வேண்டும். இதற்கான பொதுமுறை லினக்ஸ் கெர்னலில் 2022-இலும், என்.வி.எம்.இ. விதிகளில் 2024-இலும் இடம்பெற்றது.