டேர்போ டீசல் எஞ்சினின் வலுக்குறைவு

பழைய டீசல் கார் ஒன்று மேட்டில் ஏறமாட்டாது தளரும்போது, அதில் டேர்போ பூட்டப்பட்டிருப்பின், குற்றம் முழுவதும் அவ்வுறுப்பின் மேலேயே சுமத்தப்படுகின்றது. டேர்போ விலையுயர்ந்தது. பெரும்பொருள் செலவிட்டு அதனை மாற்றிய பின்னரும் வண்டி முன்போலவே தளரக் கண்டு வருந்துவோர் உளர். டேர்போ நன்னிலையில் இருக்கவும் அதன் பயன் மட்டும் எங்ஙனம் இல்லாதொழியும் என்பதை, நன்கறியப்பட்ட ஓர் எஞ்சினைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

எரிபொருள் எரிதற்கு ஒட்சிசன் வேண்டும். ஆடுதண்டு கீழிறங்குகையில் உருளையினுட் புகும் வளி, வளிமண்டல அமுக்கத்தினால் மாத்திரம் தள்ளப்பட்டு வருவது. ஆதலின் அதன் அளவுக்கு ஓர் எல்லையுண்டு. வெளியேறும் கழிவாயுவிலோ வெப்பமும் வேகமும் வீணே போகின்றன. அவ்வாயுவினால் ஒரு சுழலியைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரத்தினாற் புறவளியை அமுக்கி உருளைகளுக்கு ஊட்டினால் அவ்வெல்லை விரியும். இக்கருத்துக்கு 1905ஆம் ஆண்டில் உரிமைப்பத்திரம் பெற்றவர் சுவிற்சலாந்துப் பொறியியலாளரான அல்பிரட் பூஹி. கப்பல்களிலும் பார வண்டிகளிலும் நெடுங்காலம் பயின்ற பின்னரே இது டீசல் கார்களுக்கு வந்தது. 1978இல் அமெரிக்கச் சந்தைக்கென வெளிவந்த மேர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.டி. அவ்வகையில் முன்னோடியாகும். ஐந்து உருளைகளையுடைய அதன் 3 லீற்றர் எஞ்சின் டேர்போ இன்றி ஏறத்தாழ 80 பரிவலுவே தந்தது. டேர்போவுடன் 110 பரிவலு தந்தது. 1985 வரை பென்ஸ் கார்களிற் பூட்டப்பட்ட இவ்வெஞ்சின்கள் பல இன்றும் ஓடுகின்றன.

டேர்போவின் தொழில் ஒரு வட்டம் போன்றது. எரிபொருள் மிகுதியாக எரிந்தாற் கழிவாயு மிகும். கழிவாயு மிகுந்தாற் சுழலி விரையும். சுழலி விரைந்தால் வளி மிகும். வளி மிகுந்தால் மேலும் எரிபொருளை எரிக்கலாம். இவ்வட்டம் எவ்விடத்தில் அறுந்தாலும் சுழலி சோர்ந்துபோகும். எனவே சுழலியின் சோர்வு நோயின் காரணமாகவும் இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம். விளைவைக் காரணமெனக் கொள்வதே வீண்செலவுக்கு முதல்.

வளி மிகுந்திருப்பதை எரிபொருட் பம்பி அறிவது எப்படி? இவ்வெஞ்சினில் அப்பம்பியின் மேல் ஆல்டா என்னும் சிறு கருவி ஒன்று அமர்ந்திருக்கின்றது. உருளைகளுக்கு வளியைப் பகிர்ந்தளிக்கும் குழாய்த்தொகுதியிலிருந்து மெல்லிய குழாயொன்று இதற்கு அமுக்கத்தைக் கொண்டுவருகின்றது. அமுக்கம் உயர்ந்தால் ஆல்டா எரிபொருளின் உச்ச அளவைக் கூட்டும். உயராவிடில் அதனைக் குறைத்தே வைத்திருக்கும். வளி போதாதபோது எரிபொருளை மிகுதியாக விட்டுக் கரும்புகை கக்காதிருத்தற்கு அமைந்த ஏற்பாடு இது.

அம்மெல்லிய குழாய் தொடங்குமிடத்தில், நடுவே சிறு துளையுடைய ஆணி ஒன்று உண்டு. எஞ்சினின் அடிப்பாகத்திலிருந்து வரும் எண்ணெய் ஆவியும், மீளச் செலுத்தப்படும் கழிவாயுவின் புகைக்கரியும் கலந்து, காலப்போக்கில் அத்துளையை அடைத்துவிடும். அப்போது டேர்போ வளியை அமுக்கினாலும் அச்செய்தி ஆல்டாவை அடைவதில்லை. ஆல்டா, டேர்போவே இல்லையென்பதுபோல் எரிபொருளை அளக்கும். கழிவாயு குறையவே சுழலியும் மந்தமாகும். ஆணியைக் கழற்றித் துளையைத் துலக்கி, குழாயையும் ஊதிச் சுத்தஞ்செய்து, புதிய வாசர்களுடன் பூட்டிய அளவிலே வண்டி பழைய வலுவைப் பெறுவது இவ்வெஞ்சினைப் பழகியோர் நன்கறிந்தது. புதிய டேர்போவின் விலையோடு இரண்டு வாசர்களின் விலையை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று!

புகையைக் கண்டு தீயுண்டெனத் துணிதல் தருக்கநூலார் அனுமானத்துக்குக் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. மெக்கானிக்கும் அவ்வழியே செல்பவன்தான். ஆயின் அவனுக்குப் புகையின்மையும் ஓர் ஏதுவாகும். ஆல்டா போன்ற கருவி இல்லாத டீசல் எஞ்சினில் அமுக்கிய வளி கசிந்தாற் கரும்புகை எழுந்து நோயைக் காட்டிக்கொடுக்கும். இவ்வெஞ்சினிலோ புகையும் அடங்கிவிடும். வண்டி தூய்மையாக ஓடும், ஆயினும் ஏறாது. ஆகவே வலுவும் இல்லை, புகையும் இல்லை எனில் எரிபொருள் போதவில்லை என்று கொள்க. வலுக் குறைந்து கரும்புகையும் மிகுமாயின், வளிவடியில் அடைப்பு, எரிபொருளைத் தெளிக்கும் ஊசிகளின் தேய்வு, அல்லது யாரேனும் ஆல்டாவின் திருகாணியைத் தம் விருப்பப்படி முறுக்கியிருத்தல் ஆகியவற்றை ஐயுறலாம். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் குறிக்கும்.

டேர்போவோடு தொடர்பற்ற காரணங்களை முன்னரே நீக்கிவிடல் வேண்டும். ஒருவர் அக்சிலரேற்றர் மிதியை அடிவரை அழுத்த, மற்றொருவர் பம்பியின் நெம்புகோல் முற்றாகத் திரும்புகின்றதா எனப் பார்க்கட்டும். இணைப்புகள் தேய்ந்து பாதியளவே திரும்பும் வண்டிகள் உள. இவ்வெஞ்சினில் எரிபொருள் வடிகள் இரண்டு. அவற்றை மாற்றுதல் எளிது. வால்வு இடைவெளிகளையும் காலந்தோறும் சீர்செய்தல் வேண்டும்.

அதன்பின் அமுக்கமானி பேசட்டும். முழுச்சுமையில் மேடேறும்போது குழாய்த்தொகுதியில் வளிமண்டல அமுக்கத்துக்கு மேல் ஏறத்தாழ 0.7 பார் இருத்தல் வேண்டும். மானியை ஒருமுறை குழாய்த்தொகுதியிலும், மறுமுறை ஆல்டாவின் வாயிலும் இணைத்துப் பார்க்க வேண்டும். முன்னதில் அமுக்கம் இருந்து பின்னதில் இல்லையெனில் இடையில் அடைப்போ வெடிப்போ உண்டு. இடைவழியில் ஒரு காப்பு வால்வும் இருக்கின்றது. அமுக்கம் அளவுகடந்தால் இது ஆல்டாவுக்குச் செல்லும் வழியை மூடி, எரிபொருளைக் குறைத்து எஞ்சினைக் காக்கும். நன்றாக ஏறிவந்த வண்டி மேட்டின் நடுவே திடீரென வலுவிழப்பின், இவ்வால்வையும், மிகையான கழிவாயுவைச் சுழலிக்குப் புறம்பாக விலக்கிவிடும் சிறு கதவையும் நோக்குக. அக்கதவு மூடியபடி இறுகினால் அமுக்கம் மிகும். திறந்தபடி இறுகினால் அமுக்கமே தோன்றாது.

ஈரிடத்தும் அமுக்கம் இல்லையெனில், இணைப்புகளிற் கசிவு தேடிய பின்னரே டேர்போவைத் திறக்கலாம். எஞ்சின் குளிர்ந்து நிற்கும்போது அச்சை விரலாற் பற்றி அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டிற் சிறிது அசைதல் குற்றமன்று. அவ்வச்சு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழல்வது. சக்கரத்தின் இதழ்கள் உறையில் உராய்ந்த தழும்பு இருப்பின், அல்லது அச்சு முன்பின்னாகத் தெளிவாக நகருமாயின், டேர்போ உண்மையிலேயே கெட்டது. குழாயில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருப்பதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

எண்ணெய் தேங்கி நின்று நீலப்புகையும் மிகுமாயின், அவ்வண்டியை மேலும் ஓட்டிப் பார்த்தல் தகாது. டீசல் எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எரிபொருளின் அளவே. டேர்போவின் அடைப்புத் தேய்ந்து எண்ணெய் உருளைகளுட் பாயத் தொடங்கினால் அவ்வெண்ணெயே எரிபொருளாகிவிடும். திறப்பை மூடினாலும், பம்பியின் நிறுத்துகோலை அழுத்தினாலும் எஞ்சின் நில்லாது, தன்னைத்தானே உடைக்கும்வரை விரையும். அந்நிலையில் அதனை நிறுத்துதற்கு, வளி புகும் வாயை உறுதியான தட்டையான பொருளொன்றினால் மூடவேண்டும். கையை அங்கே கொண்டுபோதல் ஆகாது.