பிரித்தானிய மிதிவண்டிக் கழகங்கள்

பிரித்தானிய மிதிவண்டிக் கழகங்கள் என்பவை ஐக்கிய இராச்சியத்தின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் மிதிவண்டி ஓட்டுநர்கள் தாமாகவே அமைத்துக்கொண்ட உள்ளூர் அமைப்புகள் ஆகும். 1870களில் தோன்றிய இக்கழகங்கள் வார இறுதி உலா, நெடும்பயணம், பந்தயம் ஆகிய மூன்றையும் நடத்தி வந்துள்ளன. பொதுச் சாலையில் பந்தயம் நடத்தலாமா என்பது இவற்றினிடையே நெடுங்காலம் நீடித்த பிணக்கு ஆகும். தனிநேரப் போட்டி என்னும் பந்தய முறை அந்நாட்டில் வேரூன்றியதற்கும் இப்பிணக்கே காரணமாகும்.

தோற்றம்

1870இல் இலண்டனில் தொடங்கப்பட்ட பிக்விக் மிதிவண்டிக் கழகம், இன்றும் இயங்கும் கழகங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. எழுத்தாளர் சார்லஸ் டிக்கின்ஸ் இறந்த ஆண்டும் இதுவே. அவருடைய புதினம் ஒன்றின் பெயரைத் தாங்கிய இக்கழகத்தில், உறுப்பினர் ஒவ்வொருவரும் அப்புதினத்தின் கதைமாந்தர் பெயரைப் புனைபெயராகச் சூடிக்கொள்வர்.

தொடக்ககால உறுப்பினர்கள் முன்சக்கரம் மிகப் பெரிதாக அமைந்த உயர் மிதிவண்டிகளை ஓட்டினர். இவற்றை வாங்க வசதி படைத்தவர்களாலேயே இயன்றது. கழகங்களில் சீருடையும், அணியை வழிநடத்தும் தலைவரும், ஊதுகொம்பால் கட்டளை அறிவிப்பவரும் இருந்தனர். 1885இல் இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைந்த ரோவர் மிதிவண்டியும், 1888இல் டன்லப்பின் காற்றடைத்த சக்கர உறையும் வந்தபின் மிதிவண்டி படிப்படியாகப் பொதுமக்கள் கைக்கு வந்தது.

பயண உரிமை

1878இல் ஹாரோகேட் நகரில் மிதிவண்டிப் பயணக் கழகம் தொடங்கப்பட்டது. இது நாடு முழுவதும் உறுப்பினர்களைக் கொண்டிருந்தது. உறுப்பினர்களுக்குக் கட்டணச் சலுகை தரும் விடுதிகளின் முகப்பில் சிறகு முளைத்த சக்கரச் சின்னத்தைப் பொருத்தியது. இடர் மிகுந்த சரிவுகளில் எச்சரிக்கைப் பலகைகளை நட்டது.

அக்காலத்தில் மிதிவண்டிகள் குதிரைகளை மிரளச் செய்வதாகக் குறைகூறப்பட்டது. 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் மிதிவண்டியையும் ஒரு வண்டியாக ஏற்றுக்கொண்டது. இதனால் சாலையில் செல்லும் உரிமை உறுதிப்பட்டது. எனினும் பொதுமக்களின் வெறுப்பு வளர்ந்தால் இவ்வுரிமை பறிபோகலாம் என்ற அச்சம் கழகங்களிடையே இருந்தது.

சாலைப் பந்தயத் தடை

பந்தயங்களை நெறிப்படுத்திய தேசிய மிதிவண்டி ஓட்டுநர் ஒன்றியம் இவ்வச்சத்தின் காரணமாக 1890களில் சாலைப் பந்தயங்களைக் கைவிட்டது. 1894இல் வடக்குச் சாலை மிதிவண்டிக் கழகம் நடத்திய 50 மைல் பந்தயத்தின்போது குதிரை வண்டி ஒன்றின் அருகே ஓட்டுநர்கள் விழுந்து விபத்துக்குள்ளாயினர். இந்நிகழ்வு தடைக்கு வலுச் சேர்த்தது. பந்தயங்கள் 1891இல் திறக்கப்பட்ட ஹெர்ன் ஹில் போன்ற ஓடுகளங்களுக்குள் நடைபெற வேண்டும் என்பது ஒன்றியத்தின் நிலைப்பாடு.

தனிநேரப் போட்டி

அவ்விபத்தில் சிக்கியவர்களுள் ஒருவரான பிரெட்ரிக் தாமஸ் பிட்லேக் 1895இல் மாற்று முறை ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இதில் ஓட்டுநர்கள் கூட்டமாகப் புறப்படாமல் ஒருவர்பின் ஒருவராக, குறித்த இடைவெளியில் புறப்படுவர். முன்செல்பவரின் பின்னால் ஒட்டிச் சென்று காற்றுத் தடையிலிருந்து ஒதுங்குதல் கூடாது. தொலைவைக் கடக்க மிகக் குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளர்.

போட்டிகள் விடியற்காலையில் நடந்தன. தடங்கள் ஊர்ப்பெயரால் அன்றிக் குறியீட்டு எண்களால் அறிவிக்கப்பட்டன. கண்ணில் படாதிருக்க ஓட்டுநர்கள் கழுத்து முதல் கணுக்கால் வரை கருப்பு உடை அணிந்தனர். 10, 25, 50, 100 மைல் போட்டிகளும், 12 மணி, 24 மணி நேரப் போட்டிகளும் வழக்கிலுள்ளன.

லீட்ஸ் அருகிலுள்ள மார்லி மிதிவண்டிக் கழகத்தைச் சேர்ந்த பெரில் பர்ட்டன் 1967இல் 12 மணி நேரத்தில் 277.25 மைல் (சுமார் 446 கிமீ) ஓட்டினார். அன்றைய ஆண்களுக்கான சாதனையையும் இது விஞ்சியது. 1969 வரை எந்த ஆணும் இத்தொலைவைக் கடக்கவில்லை. பண்ணைத் தொழிலாளியாக உழைத்துக்கொண்டே, 1959 முதல் 1983 வரை தொடர்ந்து 25 ஆண்டுகள் பெண்களுக்கான சிறந்த பன்முக ஓட்டுநர் பட்டத்தை அவர் வென்றார்.

கிளாரியன் கழகங்கள்

1894இல் பர்மிங்காமில் கிளாரியன் என்னும் சமவுடைமை இதழின் வாசகர்கள் ஒரு மிதிவண்டிக் கழகத்தை அமைத்தனர். இதனைப் பின்பற்றிப் பிற தொழில் நகரங்களிலும் கிளைகள் தோன்றின. உறுப்பினர்கள் ஞாயிறு உலாவின்போது ஊர்தோறும் இதழை விற்று, துண்டறிக்கைகளையும் வழங்கினர். பெண்களும் இவற்றில் பங்கேற்றனர்.

1942ஆம் ஆண்டுப் பிளவு

ஐரோப்பாவில் ஓட்டுநர்கள் அனைவரும் ஒன்றாகப் புறப்படும் பந்தயமே வழக்கமாக இருந்தது. 1930களில் உலகச் சாம்பியன் போட்டிகளில் பங்கேற்ற பெர்சி ஸ்டாலார்டு, தம் நாட்டிலும் அதனை நடத்த விரும்பினார். போர்க்காலத்தில் சாலைகளில் மோட்டார் வண்டிகள் குறைந்திருந்ததை அவர் வாய்ப்பாகக் கருதினார். ஒன்றியம் மறுத்தபோதும், காவல்துறையின் இசைவுடன் 1942 சூன் 7ஆம் நாள் லாங்கோலனிலிருந்து உல்வர்ஹாம்டன் வரை பந்தயம் நடத்தினார். ஆல்பர்ட் பிரைஸ் வெற்றி பெற்றார்.

ஒன்றியம் ஸ்டாலார்டை விலக்கியது. அவரும் ஆதரவாளர்களும் அதே ஆண்டு நவம்பரில் பிரித்தானியப் பந்தய ஓட்டுநர் கூட்டணியைத் தொடங்கினர். இவ்விரு அமைப்புகளின் பகைமையால் ஒரே ஊரின் ஓட்டுநர்களும் இரு தரப்பாகப் பிரிந்தனர். கூட்டணியின் பந்தயங்கள் ஆண்டுதோறும் பெருகின. ஒன்றியம் அஞ்சியதுபோல் மிதிவண்டிகளுக்குச் சாலையில் தடை வரவில்லை.

இணைப்பும் இன்றைய நிலையும்

1955இல் பிரையன் ராபின்சன், டோனி ஹோர் ஆகியோர் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை நிறைவு செய்த முதல் பிரித்தானியர் ஆயினர். 1959இல் ஒன்றியமும் கூட்டணியும் இணைந்து பிரித்தானிய மிதிவண்டிக் கூட்டமைப்பு உருவானது. 1960இல் சாலைப் பந்தயங்களை ஒழுங்குபடுத்தும் அரசு விதிகள் வெளியாயின.

தனிநேரப் போட்டிகளை இன்றும் தனி அமைப்பே நெறிப்படுத்துகிறது. மிதிவண்டிப் பயணக் கழகம் 2016 முதல் சைக்கிளிங் யூகே என்ற பெயரில் இயங்குகிறது. உள்ளூர்க் கழகங்களில் ஞாயிறு உலாவும், வழியில் தேநீர் விடுதியில் இளைப்பாறுவதும் தொடர்கின்றன. பந்தய ஓட்டுநர் பலர் முதலில் பயிற்சி பெறுவது இவ்வுலாக்களிலேயே ஆகும்.