வானிலிருந்து காட்டைக் கணக்கெடுத்தல்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெருங்காடு இல்லை. பனங்கூடலும் பற்றையும் கடலேரியோரத்துக் கண்டலுமே நமக்கு உள்ளவை. ஆயினும், பனையாலன்றி வேறு மரத்தால் அமைந்த நம் பழைய வீடுகளின் நிலைகளுக்கும் கதவுகளுக்கும் முதிரையும் பாலையும் ஆனையிறவுக்கு அப்பாலிருந்தே வந்தன. அவ்வன்னிக் காட்டில் இன்று எவ்வளவு மரம் உண்டு என்று எவர் அறிவார்? எங்ஙனம் அறிவார்?

மரங்களை ஒவ்வொன்றாக எண்ணுதல் இயலாது. ஆகவே வனவியலார் சிறு சிறு மாதிரி நிலங்களைத் தெரிந்து, அவற்றிலுள்ள மரங்களை மட்டும் அளப்பர். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், அதாவது மார்பளவில், அடிமரத்தின் பருமனை அளந்து, உயரத்தையும் கணித்து, அதிலிருந்து முழுக்காட்டின் தொகையைப் பெறுவர். இடர் எங்கே எனில், மாதிரி நிலத்தைத் தெரிவதிலேதான். தெருவோரத்தை மட்டும் அளந்தால், முன்னமே வெட்டப்பட்ட காட்டின் கணக்கே கிடைக்கும்.

ஒரு பாடசாலைப் பிள்ளைகளின் சராசரி உயரத்தை அறிய விரும்புகிறோம் என்று கொள்வோம். கண்ணில் பட்ட இருபது பேரை நிறுத்தி அளப்பதைவிட, வகுப்புவாரியாகப் பிரித்து, வகுப்பின் தொகைக்கேற்பச் சிலரை அளந்தால் விடை உண்மைக்கு அணித்தாகும். காட்டை அவ்வாறு வகுப்புகளாகப் பிரித்துக் கொடுப்பதே வானிலிருந்து எடுக்கும் படத்தின் முதற் பயன்.

இலங்கையில் இம்முயற்சி 1956ஆம் ஆண்டு நடந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டின் உதவியுடன் விமானத்திலிருந்து நிழற்படங்கள் எடுக்கப்பட்டன. காட்டுக் கணக்கெடுப்பின் அறிக்கை 1961இல் வந்தது. ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்த இரு படங்களை இரட்டை ஆடிக் கருவியினூடாக நோக்கினால், காடு மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். உயர்ந்ததையும் தாழ்ந்ததையும், அடர்ந்ததையும் ஐதானதையும் வேறு பிரிக்கலாம்.

1972இல் அமெரிக்கா முதலாவது லான்ட்சற் செய்மதியை ஏவியபின், அதே நிலத்தை மீண்டும் மீண்டும் நோக்க வழி பிறந்தது. பச்சிலை, நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் தெறிக்கச் செய்யும்; அதனால் காடு தனித்துத் தெரியும். மாரி முகில் மறைக்கும் காலத்தில் ராடார் அலைகள் உதவும்.

எனினும் செய்மதியின் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. 1982இலிருந்து வந்த லான்ட்சற் படங்களில் ஒரு புள்ளி 30 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட நிலம். நம் கணக்கில் ஏறக்குறைய மூன்றரைப் பரப்பு. ஒரு வீடும் கிணறும் பத்துப் பனையும் முருங்கை வேலியும் அதனுள் ஒரே நிறமாய்க் கலந்துவிடும். 2015இல் ஐரோப்பியர் ஏவிய சென்ரினல் செய்மதியில் ஒரு புள்ளி அரைப் பரப்பிலும் குறைவு.

இனி, புள்ளிவிவரத்தைப் படிப்போர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. 1956இல் இலங்கை நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 பங்கு காடு என்றனர், 1992இல் ஏறக்குறைய 24 பங்கு, 2010இல் 29.7 பங்கு. காடு பெருகியதென மகிழ்தல் தகாது. 24 என்பது அடர்காடு மட்டும், 29.7 என்பதில் ஐதான காடும் அடங்கும். எதனைக் காடென்று பெயரிடுகிறோம் என்பதைப் படம் சொல்வதில்லை. அதை மனிதரே முடிவு செய்கின்றனர்.

வன்னியில் அம்முடிவு மக்கள் வாழ்வைத் தொடுகிறது. போரினால் ஊர்கள் பெயர்ந்தபின், வயல்கள் பல்லாண்டு பயிரின்றிக் கிடந்தன. பற்றை முளைத்து மரமாயிற்று. விண்ணிலிருந்து நோக்குவார்க்கு அது காடே. 2009இல் போர் முடிந்து மீண்டவர்களிற் பலர், தாம் உழுத நிலம் காடெனக் குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு முறையிட்டனர்.

இவ்வழக்கிற்கு வானத்துப் படமே சான்றாகவும் உதவக்கூடும். 1956ஆம் ஆண்டின் படத்தில் வரப்பும் வாய்க்காலும் தெரிந்தால், அங்கே வயல் இருந்தது என்பதில் ஐயமில்லை. அதற்குப் பின் குடியேறிய ஊர்களுக்கு, போருக்கு முந்திய செய்மதிப் படங்களைப் பார்த்தல் வேண்டும். ஆனால் தூர்ந்த கிணறும் வீட்டு அத்திவாரமும் இலைக்கூரையின் கீழ் மறைந்து கிடப்பன. மாதிரி நிலத்தை அளக்கச் செல்லும் அலுவலர், மரத்தின் பருமனோடு இவற்றையும் குறித்துக்கொள்ளப் படிவத்தில் ஒரு பத்தி ஒதுக்குதல் வேண்டும். அவ்வூரில் முன்பு உழுத முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லலாம்.