கறுப்பா, நீலமா, வெள்ளையா? பழைய டீசல் எஸ்யூவியின் புகை சொல்லும் சேதி என்ன?

கொல்லிமலையில் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். இருபதாவது வளைவைத் தாண்டும்போதே வண்டி திணறத் தொடங்குகிறது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தாலும் பிக்கப் இல்லை. பின்னால் வரும் பைக்காரர் கையை ஆட்டி எதையோ சொல்கிறார். கண்ணாடியில் பார்த்தால் சாலையே தெரியாத அளவுக்குக் கறுப்புப் புகை.

ஊர் திரும்பியதும் ஒர்க்‌ஷாப்பில் கேட்கும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான்: "டர்போ போயிருச்சு சார், மாத்திரணும்."

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஸ்கார்ப்பியோ, சஃபாரி, பஜேரோ போன்ற வண்டிகளைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பலருக்கும் இந்தக் காட்சி பழக்கமானதாக இருக்கும். டர்போ மாற்றுவது சின்னச் செலவல்ல. பல நேரங்களில் டர்போ மேல் எந்தத் தப்பும் இருக்காது என்பதுதான் இதில் கொடுமை. பணத்தைச் செலவழிப்பதற்கு முன், புகை என்ன சொல்கிறது என்று கொஞ்சம் கவனித்துவிடலாம்.

டர்போ என்ன வேலை செய்கிறது?

டீசல் இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறதோ, அந்த அளவுக்குத்தான் டீசலை முழுதாக எரிக்க முடியும். காற்றைக் கூடுதலாக அழுத்தி உள்ளே தள்ளுவதுதான் டர்போவின் வேலை. சைலன்சர் வழியாக வீணாக வெளியேறும் புகையின் வேகம் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்துகிறது. அப்படி அழுத்தப்படும் காற்று சூடாகிவிடும். அதைக் குளிர்விக்க இன்டர்கூலர்.

இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்குவது மெல்லிய இன்ஜின் ஆயில் படலம். ஆயில் கெட்டுப்போனாலோ, வரும் வழி அடைத்துக்கொண்டாலோ டர்போவின் ஆயுள் அதோடு முடிந்தது.

கறுப்புப் புகை: காற்று போதவில்லை

உள்ளே போகும் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லாவிட்டால் அது அரைகுறையாக எரிந்து கரியாக வெளியே வரும். பழைய வண்டிகளில் வேகமாக மிதிக்கும்போது லேசாக ஒரு கறுப்புப் புகை வந்து மறைவது சகஜம். மேட்டில் ஏறும்போது விடாமல் தள்ளினால்தான் கவலைப்பட வேண்டும்.

முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் அடுத்த சந்தேகம், டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள் மேல். வருடக்கணக்கில் சூட்டிலேயே கிடப்பதால் இவை வெடித்துவிடும், அல்லது கிளாம்ப் தளர்ந்துவிடும். அழுத்திய காற்று பாதி வழியிலேயே வெளியேறிவிடும். "மிதிச்சா உஸ்ஸுன்னு சத்தம் வருது, வண்டி இழுக்கல" என்றால் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான். கசியும் இடத்தைச் சுற்றிப் பெரும்பாலும் ஆயிலும் தூசியும் கலந்த கறை இருக்கும். ஹோஸின் அடிப்பக்கம் வெடித்திருந்தால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், அதுவும் இன்ஜின் ஆறிய பிறகு.

ஹோஸ் சரியாக இருக்கிறதா? அப்படியானால் இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நிற்கிறதா, இன்ஜெக்டர் நாசில் டீசலைப் பூவாகத் தெளிக்காமல் ஒழுகவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ உள்ள வண்டியில், டர்போவுக்குள் இருக்கும் சின்ன இதழ்கள் கரியில் சிக்கிக்கொள்வதும் உண்டு. அந்த இதழ்களை அசைக்கும் மெல்லிய வேக்குவம் டியூபில் ஒரு வெடிப்பு விழுந்தாலே போதும், டர்போ செத்துப்போனது போல வண்டி நடந்துகொள்ளும். மாற்ற வேண்டியது அந்த டியூப் மட்டும்தான்.

நீலப் புகை: ஆயில் எரிகிறது

டர்போ மேல் அதிகம் பழி விழுவது இங்கேதான். நீலப் புகை வந்தால், எங்கோ ஓரிடத்தில் இன்ஜின் ஆயில் எரிதலில் கலக்கிறது என்று அர்த்தம். எங்கே என்பதைக் கண்டுபிடிக்க, புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள்.

இரவு முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து மறைந்தால் வால்வு சீல் மேல் சந்தேகம். நீண்ட நேரம் ஐடிலில் விட்டு மிதிக்கும்போது குபுக்கென்று வந்தால் வால்வு சீலாகவும் இருக்கலாம், டர்போ சீலாகவும் இருக்கலாம். ஓடும்போதெல்லாம் விடாமல் வந்து, ஆயிலும் குறைந்துகொண்டே போனால் பிஸ்டன் ரிங்ஸ் அல்லது டர்போ.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். லேசான ஆவி வருவது இயல்பு. ரயில் இன்ஜின் மாதிரி விட்டுவிட்டுப் புகை அடித்தால், ரிங்ஸ் தேய்ந்து எரிவாயு கீழே இறங்குகிறது. அந்த நிலையில் புது டர்போ போட்டாலும் புகை நிற்காது. உறுதிப்படுத்த கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கலாம்.

அடுத்து இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே மெல்லிய ஆயில் பூச்சு இருந்தால் பயப்பட வேண்டாம். இன்ஜின் மூச்சு விடும் பிரீதர் வழியாக வந்து படிவது அது. கவிழ்த்தால் ஊற்றும் அளவுக்குத் தேங்கியிருந்தால்தான் டர்போ சீலைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்போதும் அவசரம் வேண்டாம். டர்போவுக்குப் போன ஆயில், தன் எடையில் கீழே இறங்கி ஆயில் சம்புக்குத் திரும்ப வேண்டும். பிரீதர் அடைத்து இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறினாலோ, டிரெயின் பைப்பில் கரி கட்டிக்கொண்டாலோ, டிப் ஸ்டிக் அளவைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலோ அது இறங்க வழியில்லாமல் சீல் வழியே கசியும். டர்போ நன்றாகவே இருக்கும், பழி மட்டும் அதன் மேல் விழும்.

டர்போவைக் கண்டிக்க நேரடியான சாட்சி அதன் தண்டுதான். ஆறிய இன்ஜினில் காற்று நுழையும் பைப்பைக் கழற்றி, சக்கரத்தை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் தெரிந்தாலோ "டர்போ போயிருச்சு" என்ற பேச்சை நம்பலாம்.

வெள்ளைப் புகை: மூக்கை நம்புங்கள்

ஊட்டிக் குளிரில் காலையில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளை, வெறும் நீராவி. காற்றில் உடனே கரைந்துவிடும்.

கண் எரிய, டீசல் வாடையோடு தொங்கி நிற்கும் வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமலேயே வெளியேறுகிறது. குளோ பிளக், இன்ஜெக்டர், பம்ப் டைமிங், குறைந்த கம்ப்ரஷன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்து, இனிப்பான வாடையும் அடித்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். இந்த வண்டியை அப்படியே ஓட்டக் கூடாது. சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

சாவியை எடுத்தாலும் நிற்காத இன்ஜின்

நீலப் புகையை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. டர்போ சீல் மொத்தமாகப் போய் ஆயில் நேராகக் காற்றுக் குழாயில் கொட்டினால், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தான். அதனால் ஆஃப் செய்தாலும் இன்ஜின் அலறிக்கொண்டே வேகமெடுக்கும். 'ரன் அவே' என்பது இதைத்தான்.

மேனுவல் கியர் வண்டியாக இருந்து, நின்றிருந்தால்: பிரேக்கை முழுதாக மிதித்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, டாப் கியரில் மாற்றி கிளட்ச்சைச் சட்டென்று விட வேண்டும். இன்ஜின் திணறி நின்றுவிடும். ஆட்டோமேட்டிக்கில் இந்த வழி கிடையாது. எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய்விடுவதே நல்லது. பானெட்டைத் திறந்து கையாலோ துணியாலோ காற்றுக் குழாயை அடைக்கப் போகாதீர்கள்.

புகைச் சான்றிதழ் இருந்தால் போதாதா?

போதாது. பழைய டீசல் வண்டிகளுக்கான புகைப் பரிசோதனையில் வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட். பிஎஸ்-4 வண்டிகளுக்கு 50. ஆனால் சோதனை நடப்பது நின்ற இடத்தில், நியூட்ரலில் மிதித்து. ஹோஸ் கசிவு போன்ற கோளாறுகள் முழு லோடில் மலை ஏறும்போதுதான் வெளியே வரும். சோதனையில் பாஸ் ஆன வண்டி கொல்லிமலையில் கறுப்பாகத் தள்ளுவது இதனால்தான்.

டர்போ மாற்றியே ஆக வேண்டும் என்றால்?

பழையது ஏன் போனது என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் புதியதைப் பூட்டாதீர்கள். ஆயில் வரும் பைப்பை மாற்றி, டிரெயின் பைப்பையும் பிரீதரையும் சுத்தம் செய்து, இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையும் உலோகத் துகளையும் கழுவி எடுத்து, புது ஆயிலும் ஃபில்டரும் போட வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவுக்குள் ஆயில் இறங்கியிருக்க வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் புது டர்போவும் பழைய டர்போவின் வழியிலேயே போகலாம்.

பிறகு உங்கள் பங்கு: சரியான கிரேடு ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் ரேஸ் கொடுக்காதீர்கள். மலை ஏறி முடித்ததும் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறீர்களா?

"நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினின் முதல் புகையை நீங்கள் பார்க்க முடியாது. ஒரு டீ குடித்துவிட்டுப் பேரம் பேசலாம் என்பார்கள். வேண்டாம், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.