கல்லுக்குள் ஒளிந்த நீர்

சென்ற மாதம் மதரஸா மாணவன் ஒருவன், கீழக்கரைக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பியொன்றை என் மேசைமீது வைத்தான். "ஹஜ்ரத், மெத்தென்ற உயிர் இத்தனை கெட்டியான ஓட்டை எப்படிக் கட்டுகிறது?" என்று வினவினான். கலைப் பட்டம் பெற்ற எனக்கு வேதியியல் தூரத்து உறவு. மறுநாள் சொல்வதாகக் கூறித் தேடிப் படித்தேன்.

சிப்பி, முத்து, பவளம், முட்டையோடு ஆகிய யாவும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. கால்சைட், அரகோனைட், வேட்டரைட் என அதற்கு நீரற்ற படிக வடிவங்கள் மூன்று உண்டு. நீரைத் தன்னுள் கட்டி வைத்திருக்கும் வடிவங்களும் உள.

அவற்றுள் வியப்பூட்டுவது இக்கைட். கிரீன்லாந்தின் இக்கா என்னும் குறுகிய கடற்புகுதியில் 1963இல் அறியப்பட்டது. கால்சியம் கார்பனேட்டின் ஒவ்வொரு மூலக்கூறோடும் ஆறு நீர் மூலக்கூறுகள்! நீரடியில் அது ஏறத்தாழ 20 மீட்டர் உயரம்வரை வெண்தூண்களாய் எழுகிறது. கடுங்குளிர் இருக்கும்வரையே அதற்கு வாழ்வு. சற்று வெப்பம் பட்டால் நீரைக் கைவிட்டுச் சிதைந்துவிடும். ஆனால் இது உயிரினம் கட்டியதன்று.

ஒரு நீர் மூலக்கூறு கொண்ட மோனோஹைட்ரோகால்சைட் முன்பே அறியப்பட்டிருந்தது. 2019இல் ஆய்வாளர்கள் மக்னீசியத்தின் துணையோடு, இரண்டு கார்பனேட்டுக்கு ஒரு நீர் என்ற கணக்கில் 'அரைநீர்' வடிவத்தை ஆய்வகத்தில் உருவாக்கினர். இயற்கையில் இது உண்டா என்ற வினா எழுந்தது.

விடை 2024இல் வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூபா கில்பர்ட்டின் குழுவினர், அபலோனி எனும் கடல்நத்தையின் முத்துப்பளபளப்பான உட்படலத்தையும் பவளத்தின் எலும்புக்கூட்டையும் ஊடுகதிரால் நுணுகி ஆராய்ந்தனர். அப்போதுதான் படிந்துகொண்டிருந்த மேற்பரப்பில் அரைநீர் வடிவம் இருந்தது! மோனோஹைட்ரோகால்சைட்டும் தென்பட்டது. முதிர்ந்த உட்பகுதியிலோ அரகோனைட்டே. அதாவது உயிர் முதலில் நீர் கலந்த இளஞ்சரக்கைப் படிய வைக்கிறது. அது பின்னர் நீரை உதறிக் கெட்டிப்படுகிறது. நம் கொத்தனார் சாந்து குழைத்துப் பூசுவதை நினைத்துக்கொண்டேன். உவமை முழுதும் பொருந்தாதென்பதும் தெரியும்.

இதில் வெறும் வியப்பு மட்டுமன்று, கவலையும் உண்டு. நீர் கலந்த இளம் வடிவங்கள் அரகோனைட்டைவிட எளிதில் கரைவன. காற்றிலுள்ள கரியமில வாயு பெருகப் பெருகக் கடல்நீரின் அமிலத்தன்மை கூடுகிறது. மன்னார் வளைகுடாவின் பவளங்களும் அந்நீரில்தான் கட்டுமானம் நடத்துகின்றன.

மறுநாள் மாணவனிடம் இவற்றைச் சொன்னேன். சிப்பியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "அந்த நீர் எங்கே போனது, ஹஜ்ரத்?" என்றான். வந்த கடலுக்கே திரும்பியிருக்கும் என்றேன்.