முத்தும் புற்றும்

மணப்பாட்டு மணல்மேட்டின் அடியில் வலை செப்பனிடும் முதியவர் ஒருவரின் தோளில் எலுமிச்சை அளவில் ஒரு திரட்சி. விரலால் தள்ளினால் தோலுக்கடியில் வழுக்கி நகரும், அழுத்தினால் குழையும், நோவில்லை. இருபது ஆண்டாகக் கூடவே இருக்கிறதாம். அது வெறும் கொழுப்புக்கட்டி. புகையிலை அடக்கிய கன்னத்தின் உட்புறம், துணியால் துடைத்தாலும் போகாத மிளகளவு வெண்திட்டு ஒன்று தோன்றுமாயின், அதுவே அஞ்சத்தக்கது. கட்டியின் கொடுமையை அதன் பருமன் சொல்வதில்லை.

தீங்கிலாக் கட்டியின் இயல்பை இக்கரையோர் அறிந்த முத்தைக் கொண்டே விளக்கலாம். மணற்றுகள் புகுந்தால் முத்து விளையும் என்பர். துகள் மட்டும் போதாது. ஓட்டைச் சுரக்கும் சதைப் போர்வையின் உயிரணுக்கள் சில இடம்பெயர்ந்து சிப்பியின் உள்ளே சிக்க வேண்டும். அவை பெருகிச் சிறு பையாகி, பழைய தொழிலை மறவாமல், பைக்குள்ளேயே ஒளிப்பூச்சைப் படலம் படலமாகச் சுரக்கும். 1973-இல் தூத்துக்குடியில் நடுவண் கடல் மீன்வள ஆய்வு நிலையத்தார் முத்து விளைவித்தபோதும், உருண்டைக் கருவோடு வேறொரு சிப்பியின் போர்வைத் துணுக்கையும் சேர்த்தே பொதித்தனர்.

முத்துப்பை கட்டியன்று, மூடியதும் அதன் பெருக்கம் அடங்கிவிடும். தீங்கிலாக் கட்டியோ அடங்காது, மெல்ல வளரும். ஆயினும் எல்லை மீறாமையும் தொழில் மறவாமையும் இரண்டுக்கும் பொது. கட்டி சுற்றுத்தசையை ஒதுக்கித் தள்ள, ஒதுங்கிய நார்களே அதற்கு உறையாகும். நுண்ணோக்கியில் அதன் அணுக்கள் பிறந்த இடத்தின் சாயலை இழப்பதில்லை. 'தீங்கிலா' என்னும் பெயரை முற்றும் நம்பிவிடவும் கூடாது: மண்டையோட்டுக்குள் விலக இடமேது? அங்கே சாதுவான கட்டியும் மூளையை நெரிக்கும்.

புற்றின் கதை வேறு. உயிரணுப் பெருக்கத்தை முடுக்கும் மரபணுக்களும் உண்டு, தடுக்கும் மரபணுக்களும் உண்டு. தடுக்கும் மரபணு இரண்டு படிகளாக இருப்பதால், பெரும்பாலும் இரண்டுமே பழுதாக வேண்டும். பிழைமேல் பிழை சேர ஆண்டுகள் பல ஆகும். முதுமையில் இந்நோய் மிகுவது அதனால்தான். சாயல் இழந்த அணுக்கள் தமக்கடியிலுள்ள மென்படலத்தை நொதிகளால் கரைத்து இறங்குகின்றன. புதுக் குருதிக்குழாய்களைத் தம்பால் வரவழைக்கின்றன. நிணநீரிலும் குருதியிலும் மிதந்து நுரையீரலிலோ எலும்பிலோ குடியேறுகின்றன. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்ற கருத்தை 1889-இலேயே முன்வைத்தார் இலண்டன் மருத்துவர் இசுடீபன் பேசட்டு.

கிரேக்கர் இந்நோயில் நண்டைக் கண்டனர். நண்டு விளையாடும் கரையில் நின்று சொன்னாலும், புற்று என்னும் தமிழ்ப் பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: வெளியே தெரிவது சிறு மேடு, வழிகள் எல்லாம் மண்ணுக்கடியில்.

அந்த வெண்திட்டிலிருந்து துணுக்கெடுத்துச் சாயமேற்றி நோக்கும் மருத்துவர் முதலில் தேடுவது அம்மென்படலத்தைத்தான். அது அறுபடாத கோடாக ஓடுகிறதா, எங்கேனும் ஓரிடத்தில் உடைந்து அணுக்கள் கீழே சிந்தியிருக்கின்றனவா என்று கண்ணாடித் தகட்டை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்க்கிறார்.